பித்தப்பை யார் பேச்சைக் கேட்கும்?

இந்தப் பக்கத்தில் எதற்கெடுத்தாலும் கைகொடுக்கும் ஒரு நோய் உண்டு. பெயர் கேஸ். நெஞ்சு எரிந்தால் கேஸ். முதுகு பிடித்தால் கேஸ். கல்யாண வீட்டில் சாப்பிட்டு வந்த இரவு வலது விலாவுக்குக் கீழே யாரோ துணி பிழிவது போல முறுக்கினாலும் கேஸ்தான். புவனகிரியில் இருந்து சிதம்பரம் வரை எந்த மெடிக்கல் வாசலில் கால் மணி நேரம் நின்றாலும் இந்த வார்த்தை காதில் விழும். ஒரு சோடா, ஒரு ஜெலுசில், இல்லாவிட்டால் ஓமத்தண்ணீர். இரண்டு மணி நேரத்தில் வலி போய்விடும். சோடாவுக்கு நல்ல பெயர் கிடைத்துவிடும்.

கேஸ் என்று சொல்லப்படும் வலிகளில் பெரும்பாலானவை உண்மையிலேயே அஜீரணம்தான், அதில் சண்டையில்லை. ஆனால் மேலே சொன்ன கடைசி வலி வேறு ஜாதி. அது சோடா குடிக்காமல் இருந்திருந்தாலும் அதே இரண்டு மணி நேரத்தில் போயிருக்கும். அடுத்த விருந்துக்கு மறுபடி வரும். அதிலும் ஆண்களைவிடப் பெண்களுக்கு, அதிலும் பிள்ளை பெற்ற பெண்களுக்கு அதிகமாக வரும். ஏன் அவர்களுக்கு என்று கேட்டால் பதில் ஹார்மோன்களில் இருக்கிறது. அந்தப் பதில் தெரியாததால்தான் "உனக்கு எப்பப் பாரு வயித்து வலிதான்" என்ற ஒரே வசனத்தோடு பல வீடுகளில் வைத்தியம் முடிந்துவிடுகிறது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். பித்தம் என்ற சொல் தமிழில் ரொம்பப் பிரபலம். தலை சுற்றினால் பித்தம், காலையில் குமட்டினால் பித்தம், குதிகால் வெடித்தால் பித்த வெடிப்பு, முடி வெளுத்தால் பித்த நரை. தில்லையில் ஆடுகிறவருக்கே பித்தன் என்று ஒரு பெயர். சித்த மருத்துவம் சொல்லும் வாதம், பித்தம், கபம் ஒரு தனிக் கணக்கு. அதற்கும் பித்தப்பை என்ற உறுப்புக்கும் நேரடியாக முடிச்சுப் போட முடியாது. பித்தப்பை என்பது வலது விலா எலும்புகளுக்குக் கீழே, கல்லீரலின் அடியில் ஒட்டிக்கொண்டு தொங்கும் ஒரு சின்னப் பை. நீளம் 7 முதல் 10 சென்டிமீட்டர். நீளக் கத்தரிக்காயின் பிஞ்சை நினைத்துக்கொள்ளுங்கள். எலுமிச்சம்பழச் சாறு குடித்தால் அது ஒன்றும் சுத்தமாகிவிடாது.

வணிகவியல் படிப்பவர்களுக்குச் சுலபமாகப் புரியக்கூடிய உறுப்பு இது. கல்லீரல் தொழிற்சாலை, பித்தப்பை கிடங்கு. தொழிற்சாலை இரவு பகல் ஓடி ஒரு நாளைக்கு 600 மில்லிலிட்டரிலிருந்து 1 லிட்டர் வரை பித்தநீரை உற்பத்தி செய்கிறது. கிடங்கின் கொள்ளளவோ 30 முதல் 50 மில்லிலிட்டர்தான். எப்படிக் கட்டுப்படியாகிறது? உள்ளே வந்த பித்தநீரிலிருந்து தண்ணீரை உறிஞ்சி, பாலைச் சுண்டக் காய்ச்சுவது மாதிரி அதை 5 மடங்கு, 10 மடங்கு கெட்டியாக்கி வைத்துக்கொள்கிறது. எண்ணெயும் நெய்யும் கறியும் குடலுக்கு வரும்போது, அவற்றைச் சின்னச் சின்னத் துளிகளாக உடைத்துச் செரிக்க வைக்க இந்தக் கெட்டிச் சரக்கு வேண்டும்.

கிடங்கிலிருந்து சரக்கு வெளியே போக வேண்டுமானால் டெலிவரி ஆர்டர் வேண்டும் அல்லவா? பித்தப்பைக்கு அந்த ஆர்டரைக் கொடுப்பது ஒரு ஹார்மோன். நரம்புகளுக்கும் இதில் பங்கு உண்டு, ஆனால் பெரிய அதிகாரி ஹார்மோன்தான்.

ஹார்மோன் என்ற சொல்லே குடலை ஆராய்ந்தபோது பிறந்ததுதான். 1902-இல் லண்டனில் பேலிஸ், ஸ்டார்லிங் என்ற இருவர், சிறுகுடல் ஒரு ரசாயனத்தை ரத்தத்தில் அனுப்பிக் கணையத்துக்குக் கட்டளை போடுகிறது என்று காட்டினார்கள். அந்த மாதிரி ரசாயனத் தூதர்களுக்கு ஸ்டார்லிங் 1905-இல் ஹார்மோன் என்று பெயர் வைத்தார். பித்தப்பைக்கான தூதர் 1928-இல் அகப்பட்டார். அமெரிக்காவில் ஐவி, ஓல்ட்பெர்க் என்ற இருவர், குடலிலிருந்து எடுத்த சாற்றை ரத்தத்தில் செலுத்தினால் பித்தப்பை சுருங்குவதைக் கண்டார்கள். கோலிசிஸ்டோகைனின் என்று பெயர் வைத்தார்கள். வாயில் நுழையாத பெயர்தான், சிசிகே என்று சுருக்கிக்கொள்ளலாம். 1943-இல் வேறு இரண்டு பேர் கணையத்தைத் தூண்டும் ஹார்மோன் ஒன்றைக் கண்டுபிடித்து அதற்குத் தனிப்பெயர் வைத்தார்கள். இரண்டும் ஒன்றுதான் என்று தெரிய 1960-கள் வரை ஆயிற்று. ரேஷன் கார்டில் ஒரு பெயர், ஓட்டர் லிஸ்டில் ஒரு பெயர் மாதிரி!

சிசிகே வேலை செய்யும் விதம் அழகானது. இட்லிப் பொடியோடு குழைத்த நல்லெண்ணெய் இரைப்பையைத் தாண்டிச் சிறுகுடலின் முதல் பகுதிக்கு வருகிறது. அங்கே சுவரில் இருக்கும் சில செல்கள் கொழுப்பையும் புரதத்தையும் மோப்பம் பிடித்து சிசிகேவை ரத்தத்தில் விடுகின்றன. அது ஒரே நேரத்தில் நாலு இடத்தில் வேலை பார்க்கிறது. பித்தப்பையைப் பார்த்து "பிழி" என்கிறது. பித்தக்குழாய் குடலில் சேரும் இடத்தில் உள்ள வால்வைப் பார்த்து "திற" என்கிறது. இரைப்பையிடம் "மெதுவாக அனுப்பு" என்கிறது. மூளையிடம் "போதும்" என்கிறது. (அந்த வால்வை 1887-இல் விவரித்த இத்தாலிக்காரர் ஒடி அப்போது 23 வயது மருத்துவ மாணவர். அசைன்மென்ட்டைக் கடைசி நாளில் காப்பி அடிக்கிறவர்கள் கவனிக்க :-) )

சாப்பாடு இல்லாத நேரத்தில் மோட்டிலின் என்ற இன்னொரு ஹார்மோன், சுமார் ஒன்றரை, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை குடலைப் பெருக்கி விடும்போது பித்தப்பையையும் லேசாகப் பிழிந்துவிடுகிறது. சாப்பாடு முடிந்து பித்த உப்புகள் குடலின் கடைசிப் பகுதியைச் சேர்ந்ததும், அங்கிருந்து ஒரு தூதர் போய் "போதும், தளர்ந்து நிரம்பு" என்று சொல்லும். சுருங்கச் சொன்னால் பித்தப்பை சுயமாக முடிவெடுக்கும் உறுப்பே இல்லை. நாள் முழுக்கக் குடல் அனுப்பும் தந்திகளைப் படித்துக்கொண்டு நடக்கும் ஒரு கிடங்குக் காவலாளி.

சரி, கல் எங்கிருந்து வருகிறது? சரக்கு தேங்கினால் வருகிறது. பித்தநீரில் கொலஸ்ட்ரால் கரைந்திருக்கிறது. அது அளவுக்கு மேல் சேர்ந்தாலும், கிடங்கு சரியாகக் காலியாகாமல் கிடந்தாலும் அடியில் வண்டல் படிகிறது. வண்டல் இறுகினால் கல். இந்த இரண்டு வேலையையும் ஒரே நேரத்தில் செய்யும் ஜோடி ஒன்று இருக்கிறது. ஈஸ்ட்ரோஜன், புரொஜெஸ்டிரோன். ஈஸ்ட்ரோஜன், கல்லீரல் பித்தநீரில் கொட்டும் கொலஸ்ட்ராலைக் கூட்டுகிறது. புரொஜெஸ்டிரோன், தசைகளைத் தளர்த்திவிடுகிறது. கருப்பை பிள்ளையை வெளியே தள்ளிவிடாமல் பத்து மாதம் அமைதியாக இருக்க வேண்டுமே, அதற்காகத்தான் இந்தத் தளர்வு. ஆனால் ஹார்மோன் ரத்தத்தில் போகிறது. கருப்பைக்கு மட்டும் தனி வழி கிடையாது. போகிற வழியில் பித்தப்பையின் தசையும் தளர்கிறது. சிசிகே "பிழி" என்று கத்தினாலும் காவலாளி அரைத் தூக்கத்தில் இருக்கிறார்.

இது ஊகம் கிடையாது. 1980-இல் அமெரிக்காவில் கர்ப்பிணிகளின் பித்தப்பையை ஸ்கேனில் அளந்து பார்த்தார்கள். முதல் மூன்று மாதத்துக்குப் பிறகு, வெறும் வயிற்றில் பையின் கொள்ளளவும், சாப்பிட்ட பின் காலியாகாமல் மிச்சம் நிற்கும் அளவும் மற்றப் பெண்களைவிட இரண்டு மடங்கு இருந்தது. 2005-இல் அங்கேயே 3000-க்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளைத் தொடர்ந்து ஸ்கேன் செய்த ஆய்வில், பிரசவமாகி 4 முதல் 6 வாரத்துக்குள் சுமார் 10 சதவீதம் பேருக்கு வண்டலோ கல்லோ ஒரு முறையாவது தென்பட்டிருந்தது. பலருக்கு அது தானாகவே கரைந்தும் போனது. அதையும் சொல்லாமல் விட்டால் வீண் பயம்.

"இது பொம்பளைங்க உடம்பு வாகு" என்று முடித்துவிட நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. 1970-களில் அமெரிக்காவில் மாரடைப்பு வந்த ஆண்களுக்கு ஈஸ்ட்ரோஜன் கொடுத்துப் பார்த்தார்கள், இதயத்தைக் காக்கும் என்ற நம்பிக்கையில். இதயத்துக்கு நன்மை வரவில்லை. பித்தப்பை நோய்தான் அந்த ஆண்களுக்கு அதிகமாக வந்தது! ஆக, வாகு ஒன்றும் இல்லை. அந்த ஹார்மோன் யார் ரத்தத்தில் போனாலும் அதே வேலையைச் செய்யும். பெண்ணுக்கு அது வாழ்க்கை முழுக்க ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறது, அவ்வளவுதான்.

இந்தியக் கணக்கும் இதோடு ஒத்துப்போகிறது. 1989-இல் வெளியான காஷ்மீர் ஆய்வில் ஊர் மக்களை ஸ்கேன் செய்து பார்த்தபோது பித்தப்பை நோய் ஆண்களில் 3 சதவீதம், பெண்களில் 9.6 சதவீதம். மூன்று மடங்குக்கு மேல். தமிழ்நாட்டு நிலைமை அப்படியே அதுதான் என்று சொன்னால் தப்பு. ரயில்வே ஊழியர்களை வைத்து 1968-இல் மல்ஹோத்ரா எழுதிய கட்டுரைப்படி, வடக்கே பித்தக்கல் தெற்கைவிட 7 மடங்கு அதிகம். கல்லின் வகையும் வேறு. வடக்கே கொலஸ்ட்ரால் கல் அதிகம், தெற்கே நிறமிக் கற்களின் பங்கு கணிசமானது. ஈஸ்ட்ரோஜனின் கொலஸ்ட்ரால் கதை நிறமிக் கல்லுக்கு அப்படியே பொருந்தாது. ஆனால் தேக்கம் எந்த வகைக் கல்லுக்கும் நல்லதில்லை. தெற்கே குறைவு என்பதால் இங்கே கவலை வேண்டாம் என்று ஆகாது, குறைவு என்பதால் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை என்பதே இங்கே பிரச்சினை.

மருத்துவ மாணவர்கள் பித்தக்கல்லுக்கு நாலு "எஃப்" என்று ஒரு சூத்திரம் மனப்பாடம் செய்வார்கள். பெண், பருமன், நாற்பது வயது, பிள்ளை பெற்றவள். ஆங்கிலத்தில் நாலும் ஒரே எழுத்தில் தொடங்கும். பரீட்சைக்கு வசதியான இந்தச் சூத்திரம் வெளியே வந்து கொஞ்சம் கெடுதல்தான் செய்திருக்கிறது. காரணத்தைச் சொல்லாமல் ஆளின் தோற்றத்தைச் சொல்கிறது அது. குண்டான நாற்பது வயதுப் பெண்மணி வலி என்று வந்தால் சந்தேகம் வரும். ஒல்லியான 24 வயதுப் பெண் வந்தால்?

ஒரு சாதாரண வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். புவனகிரிப் பக்கம் ஏதோ ஒரு கிராமம். தலைப்பிரசவம் முடிந்து பெண் தாய்வீட்டில் இருக்கிறாள். பால் ஊற வேண்டும் என்று பரங்கிப்பேட்டை மீன்காரம்மா கொண்டுவரும் சுறாவில் புட்டு, பூண்டுக் குழம்பு, மேலே தாராளமாக நல்லெண்ணெய். இரண்டாவது மாதம் ஒரு நாள் ராத்திரி, சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து, மேல் வயிற்றில் பிடிக்கிறது. வலது பக்கம் விலாவுக்கு அடியில் போய் நிற்கிறது. வலது தோள்பட்டைக்கு ஏறுகிறது. புரண்டு படுத்தாலும் அடங்கவில்லை. வாந்தி. பாட்டி சொல்கிறார், பச்சை உடம்பு, வாயு ஏறிடுச்சு. அம்மா சொல்கிறார், குழந்தையைத் தூக்கித் தூக்கித் தோள் சுளுக்கு. வீட்டுக்காரர் போனில் சொல்கிறார், கேஸ் மாத்திரை போடு. மூன்று மணி நேரத்தில் வலி விட்டுவிடுகிறது.

உள்ளே நடந்தது என்ன? பிரசவமானதும் புரொஜெஸ்டிரோன் சரசரவென்று இறங்கிவிட்டது. பத்து மாதம் தூங்கிய காவலாளி விழித்துக்கொண்டார். புட்டும் எண்ணெயும் குடலுக்கு வந்ததும் சிசிகே ஆர்டர் போட்டது. இந்த முறை பித்தப்பை உத்தரவை முழுசாக நிறைவேற்றி நன்றாகப் பிழிந்தது. வண்டல் போய்விடும், அதுதான் நல்ல விளைவு. ஆனால் சின்னக் கல் ஒன்று இருந்தால் பையின் கழுத்தில் வந்து மாட்டிக்கொள்கிறது. பை இன்னும் பிழிகிறது. அதுதான் அந்த வலி. கொழுப்பு தாண்டிப் போய் சிசிகே அடங்கியதும் பை தளர்கிறது, கல் உள்ளே உருண்டு விழுகிறது, வலி நின்றுவிடுகிறது. சோடா குடித்திருந்தால் சோடாவுக்குப் புகழ், மாத்திரை போட்டிருந்தால் மாத்திரைக்கு.

மறுநாளிலிருந்து புட்டு குற்றவாளி. ரசம் சாதம், இட்லி, எண்ணெய் கூடாது. வலி வருவதில்லை. "பாத்தியா, பத்தியம் இருந்தா சரியாப் போச்சு" என்கிறார்கள். இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை நினைவில் வைத்துக்கொள்வதானால் இதை வைத்துக்கொள்ளுங்கள். எண்ணெய் இல்லாத பத்தியம் கல்லைக் கரைப்பதில்லை. கொழுப்பு வராததால் சிசிகே குறைகிறது, சிசிகே குறைந்ததால் பித்தப்பை சும்மா இருக்கிறது, சும்மா இருப்பதால் வலி இல்லை. ஆனால் கல் அங்கேயே இருக்கிறது. போதாக்குறைக்குக் கிடங்கு மறுபடி தேங்க ஆரம்பித்துவிட்டது. வலி நின்றது குணம் என்று நினைத்து அந்தப் பெண் ஆறு மாதம் ஓட்டிவிடுவாள். பாலூட்டும் பெண் ஆறு மாதம் எண்ணெய் இல்லாத சாப்பாட்டில் இருப்பது தனிக் கொடுமை.

இதைவிட ஆபத்தான கட்டம் ஒன்று உண்டு. கல் பையை விட்டு வெளியேறிப் பொதுக் குழாயில் அடைத்தால் கண்ணும் உடம்பும் மஞ்சளாகும். மஞ்சள் காமாலை என்றதும் இந்தப் பக்கம் மோர், கீழாநெல்லி, உப்பில்லாப் பத்தியம் என்று தொடங்கிவிடுவார்கள். வைரஸால் வரும் காமாலையில் பல தானாகவே சரியாகிவிடும், அதனால் கீழாநெல்லிக்கு நல்ல பெயர் (மறுபடியும் சோடா கதைதான்). குழாய் அடைத்த காமாலை அப்படிச் சரியாகும் என்று காத்திருக்கக் கூடாது. சிறுநீர் கட்டன் டீ நிறத்தில், மலம் வெளுத்துக் களிமண் நிறத்தில், உடம்பெல்லாம் அரிப்பு, கூடவே குளிர் நடுக்கத்தோடு காய்ச்சலும் வலியும் என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. அடைத்த குழாயில் சீழ் பிடிக்கலாம், கணையம் வீங்கலாம். இரண்டும் உயிர் போகிற விஷயம். புவனகிரியிலிருந்து சிதம்பரம் பெரிய ஆஸ்பத்திரிக்கு எட்டு கிலோமீட்டர் சொச்சம்தான். ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி என்று 1985-இல் தொடங்கியது, 2021-இல் அரசு சுகாதாரத் துறையின் கைக்கு வந்து கடலூர் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரி ஆனது. தூரம் இங்கே தடையே இல்லை. "கேஸ்தானே" என்ற வார்த்தைதான் தடை.

சாப்பாட்டு நேரமும் இந்தக் கணக்கில் சேரும். பித்தப்பைக்கு ஆர்டர் சாப்பாட்டிலிருந்து வருகிறது என்று பார்த்தோம். சாப்பாடே இல்லையென்றால்? இரவு எட்டரைக்குச் சாப்பிட்ட ஒரு கல்லூரிப் பெண் காலையில் வீட்டு வேலை, பஸ், முதல் பீரியட் என்று ஓடி, காலைச் சாப்பாட்டைத் தாவி, மதியம் ஒரு மணிக்கு டிபன் பாக்ஸைத் திறந்தால் பதினாறரை மணி நேரம் ஆகிறது. அமெரிக்கப் பெண்களை வைத்து 1991-இல் வந்த ஓர் ஆய்வில், இரவுப் பட்டினி 14 மணி நேரமோ அதற்கு மேலோ நீளுகிறவர்கள் பித்தக்கல்லுக்காக ஆஸ்பத்திரியில் சேர்வது, 8 மணி நேரத்துக்கும் குறைவாக இருப்பவர்களைவிட அதிகமாக இருந்தது. வியாழக்கிழமை ராகவேந்திரருக்கு விரதம் இருக்கிறவர்கள் இதைப் படித்துப் பதற வேண்டாம். (அவர் பிறந்த ஊரில் இருந்துகொண்டு அதைக் குறை சொல்ல முடியுமா!) வாரத்தில் ஒரு வேளை விடுவது பெரிய விஷயமில்லை, அதற்குத்தான் மோட்டிலின் இருக்கிறது. தினமும் விடுவதுதான் கேள்வி.

புவனகிரியை அடுத்த மருதூரில் பிறந்த வள்ளலார், வடலூரில் 1867-இல் ஏற்றிய அடுப்பு இன்னும் அணையவில்லை. பசியைப் பிணி என்று சொன்னவர் ஊர்ப்பக்கத்திலேயே, வீட்டில் எல்லோரும் சாப்பிட்ட பிறகு மிச்சத்தைச் சாப்பிடுவதுதான் நல்ல பெண்ணுக்கு அடையாளம் என்று இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். 2022-இல் அரசு தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காலை உணவு கொண்டுவந்தது. அந்தப் பிள்ளையைக் கிளப்பி அனுப்பிவிட்டுப் பதினொரு மணிக்கு வெறும் டீ குடிக்கும் அம்மாவுக்கு யார் கொண்டுவருவது?

டயட் என்ற பெயரில் நடக்கும் கூத்தும் இதே வகைதான். எண்ணெயை ஒட்டுமொத்தமாக நிறுத்தி மாதத்துக்கு ஏழு, எட்டு கிலோ இறக்கினால் உடம்பிலிருந்து கழன்ற கொலஸ்ட்ரால் பித்தநீருக்கு வருகிறது. அதே நேரம் கொழுப்பில்லாச் சாப்பாடு கிடங்கை மூடி வைக்கிறது. வரவு ஏறுகிறது, செலவு நின்றுவிடுகிறது. ஒரு வேளைச் சாப்பாட்டிலாவது சுமார் 10 கிராம் கொழுப்பு இருந்தால் பித்தப்பை நன்றாகக் காலியாகும் என்று பார்த்திருக்கிறார்கள். இரண்டு தேக்கரண்டி நல்லெண்ணெய், கிட்டத்தட்ட அவ்வளவுதான். ஆக, பொடி இட்லி பாவமில்லை.

2025-இல் இந்தியாவுக்கு உடல் எடைக்காக வந்திறங்கிய ஊசிகளும் ஹார்மோன் வேலைதான் செய்கின்றன. பசியைக் குறைக்கும் குடல் ஹார்மோனின் நகல் அவை. 76 மருத்துவச் சோதனைகளைச் சேர்த்துப் பார்த்து 2022-இல் வந்த ஆய்வு, இவற்றால் பித்தப்பைத் தொல்லை கொஞ்சம் கூடுகிறது, எடைக்காக அதிக அளவில், அதிக நாள் போடும்போது இன்னும் கூடுகிறது என்றது. தனி மனிதருக்கு ஆபத்து சிறியதே. ஆனால் ஊசி போடுகிறவருக்குச் சாப்பிட்ட பின் வலது பக்கம் வலித்தால் அதையும் கேஸ் என்று விட்டுவிடக் கூடாது.

கருத்தடை மாத்திரையைப் பற்றிச் சொல்லும்போது கவனமாகச் சொல்ல வேண்டும். பழைய காலத்து மாத்திரைகளில் ஈஸ்ட்ரோஜன் அதிகம், பித்தக்கல் பழியும் அதனால் வந்தது. இன்று அரசு இலவசமாகக் கொடுக்கும் மாலா-என் மாத்திரையில் இருப்பது 0.03 மில்லிகிராம். மேலே சொன்ன 1980 ஆய்வில்கூட மாத்திரை சாப்பிட்டவர்களின் பித்தப்பை கர்ப்பிணிகளுடையது மாதிரி வீங்கவில்லை. பித்தப்பைக்குப் பயந்து மாத்திரையை நிறுத்தி, வேண்டாத கர்ப்பம் வந்தால், அந்தக் கர்ப்பத்தில்தான் பித்தப்பைக்குச் சுமை அதிகம். ஏற்கெனவே கல் இருந்து வலி வருகிறவர்கள் மட்டும் டாக்டரிடம் அதைச் சொல்லிவிட்டு வேறு முறை கேட்கலாம். மாதவிடாய் நின்ற பிறகு ஹார்மோன் மாத்திரை எடுப்பவர்களுக்கும் இதே பேச்சு. அங்கே ஆபத்து கூடுவது பெரிய சோதனைகளிலேயே தெரிந்திருக்கிறது.

"அப்படியானால் வயிறு வலிக்கிற ஒவ்வொருவருக்கும் ஸ்கேனா? ஸ்கேன் சென்டர்காரன் கோபுரம் கட்டுவான்" என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. வலியே இல்லாதவர்களைப் பிடித்து ஸ்கேன் செய்யத் தேவையில்லை. கல் இருப்பவர்களில் பெரும்பாலோருக்கு அது கடைசிவரை சும்மாதான் கிடக்கும், வருஷத்துக்கு நூற்றில் ஒருவர் இருவருக்குத்தான் தொல்லை தொடங்கும். வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில் கல் தெரிந்தது என்பதற்காகப் பயமுறுத்தி ஆபரேஷன் மேஜைக்கு இழுப்பதும் ஒரு வியாபாரம்தான். எல்லோருக்கும் ஸ்கேன் என்பதும் யாருக்கும் வேண்டாம் என்பதும் இரண்டும் சோம்பேறித்தனம். நடுவில் ஒரு கேள்வி இருக்கிறது. அது காசில்லாத கேள்வி.

பிரசவத்துக்குப் பிறகு கிராம சுகாதாரச் செவிலியர் வீட்டுக்கு வருகிறார். காய்ச்சல் உண்டா, ரத்தப்போக்கு எப்படி, தாய்ப்பால் சரியாக வருகிறதா என்று விசாரிப்பார். அதோடு இதையும் கேட்கலாம். "சாப்பிட்ட பிறகு, ராத்திரியில், வலது விலாவுக்குக் கீழே அரை மணி நேரத்துக்கு மேல் நிற்கிற மாதிரி வலி வந்ததா? தோளுக்கு ஏறிச்சா?" வந்தது என்றால் மட்டும் ஒரு வயிற்று ஸ்கேன். தடுப்பூசிக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வரும்போது தாயையும் கேட்கலாம். குழந்தையின் எடையை ஒவ்வொரு முறையும் குறித்துக்கொள்கிறோம், அதைச் சுமந்தவளின் வலியைக் குறிக்க அட்டையில் ஒரு கட்டம் போட்டால் அட்டை கிழிந்துவிடாது.

கல் இருந்து வலியும் வருகிறது என்றால் பித்தப்பையை எடுத்துவிடுவதே வழக்கமான வைத்தியம். "பையை எடுத்துட்டா அப்புறம் எதுவும் ஜீரணமாகாது" என்ற பயம் ஊரில் பரவலாக உண்டு. எடுப்பது கிடங்கை மட்டும்தான். தொழிற்சாலை அதே போல ஓடும், சரக்கு நேராகக் கடைக்கே வரும். சிலருக்குக் கொஞ்ச நாள் வயிறு இளகும், பிறகு பழகிவிடும். வயிற்றில் சிறு துளைகள் போட்டு எடுக்கும் முறையில் முதல் ஆபரேஷன் 1985-இல் ஜெர்மனியில் நடந்தது, 1990-இல் மும்பைக்கு வந்தது, இப்போது மாவட்டத்துக்கு மாவட்டம் சாதாரணம். கர்ப்பத்தின்போது வலி வந்தால் எப்போது செய்வது, காத்திருக்கலாமா என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். யூடியூப் சொல்லும் ஆலிவ் எண்ணெய், ஆப்பிள் சாறு வைத்தியத்தில் மறுநாள் வெளியே வரும் பச்சை உருண்டைகள் கல்லே இல்லை, குடித்த எண்ணெய் குடலில் சோப்பாகித் திரண்டவை. ஒரு டம்ளர் எண்ணெய் ஒரே மூச்சில் குடித்தால் சிசிகே எப்படிக் கத்தும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஸ்கேனுக்குப் போகிறவர்களுக்கு ஒரு விஷயம். ஆறு முதல் எட்டு மணி நேரம் வெறும் வயிற்றில் வரச் சொல்வார்கள். முதல் பஸ்ஸைப் பிடித்து வந்து, வரிசையில் காத்திருந்து, கடைசியில் "டீ குடிச்சேன், அவ்வளவுதான்" என்று சொல்லித் திருப்பி அனுப்பப்படும் பெண்கள் உண்டு. ஒரு டீக்கு இவ்வளவு கெடுபிடியா என்று கோபம் வரும். டீயில் பால் இருக்கிறது, பாலில் கொழுப்பு இருக்கிறது. அது குடலைத் தொட்டதும் சிசிகே கிளம்பிவிடும், பித்தப்பை சுருங்கிவிடும், சுருங்கிய பைக்குள் கல் இருக்கிறதா இல்லையா என்று திரையில் சரியாகத் தெரியாது. தண்ணீர் மட்டும் குடித்துவிட்டுப் போகலாம். திரும்பி வரும்போது சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் டீயும் வடையும் சாப்பிட்டுக்கொள்ளலாம்.